ஆடியிலேயே வந்துவிட்ட வருடம்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மற்ற ஊர்க்காரர்கள் இன்று ஆற்றுக்குப் போவார்கள். எங்கள் சிவகாசிக்கு ஆறு இல்லை. அடுத்த வருடக் காலண்டருக்குப் பூஜை போடுவோம். என் வீட்டுக்காரருடைய அச்சகத்தில் காலையிலேயே 2026 ஆல்பம் வெளியீடு. மாதிரிக் காலண்டர்களையெல்லாம் சேர்த்துத் தைத்த தடிப்புத்தகம் அது. அதைப் புரட்டிப் பார்த்துத்தான் வெளியூர் ஏஜென்ட்டுகள் ஆர்டர் கொடுப்பார்கள். முருகன், பிள்ளையார், ரோஜாப்பூவை முகர்கிற குழந்தை எல்லோருக்கும் சந்தனம், குங்குமம். எனக்குப் பட்டுப்புடவை. கண்ணாடியில் பார்த்தேன், மாதக் காலண்டரில் தாராளமாகப் போடலாம், மேலே அடிக்கிற தகரப்பட்டிதான் கொஞ்சம் அகலமாக வேண்டும்.

தேனி ஏஜென்ட்டிடம் இவர் "சாப்பிட்டீகளா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை அந்த மனுஷன், "அண்ணாச்சி, விட்டா ராச்சாப்பாட்டையும் இப்பவே போட்டு அனுப்பிருவீக போல" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் அதை அடுத்த வாரத் துணுக்குக்கு எடுத்து வைத்துக்கொண்டேன். வாரப் பத்திரிகைக்கு நான் எழுதும் 'வீட்டுக்காரர்' துணுக்குகளுக்கு மூலப்பொருள் வெளியே தேட வேண்டியதில்லை. தங்கச்சாமி என்று பெயர் வைத்து வீட்டிலேயே வளர்க்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கல்லூரியில் உளவியல் நடத்திக்கொண்டு, பிள்ளைகள் தூங்குவதை ஐம்பத்து மூன்று வயதுவரை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தவளைத் தேசிய மூளை ஆய்வில் கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள். பன்னிரண்டு மாநிலங்களில் பன்னிரண்டு மையங்கள். மனிதர்களின் நினைவு எப்படி இருக்கிறது, எப்போது குறையத் தொடங்குகிறது என்று கேள்வி கேட்டுப் பார்ப்பது. சந்தேகம் வந்தால் ஸ்கேனுக்கு அனுப்புவது. ஒரே கேள்வி எல்லா மொழியிலும் ஒரே அர்த்தத்தில் போய்ச் சேர்கிறதா என்று பார்த்து ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. விருதுநகரில் இரண்டு அறை, ஒரு ஏசி, அதுவும் பக்கத்து அறைக்குத்தான் வீசும்.

இன்றைய தகராறு: 'கப்பலுக்கும் மாட்டு வண்டிக்கும் என்ன ஒற்றுமை?' மலை மாநிலத்து மையத்தில் கப்பலைப் பார்த்தவர் யாருமில்லையாம். பாலைவனத்து மையத்தில் 'இப்போது என்ன பருவம்?' என்றால் வருடம் பூராவும் 'வெயில்' என்கிறார்களாம். எங்கள் பக்கமும் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பெங்களூருத் தலைமையகத்துடன் காணொலிக் கூட்டம். திரையில் பன்னிரண்டு கட்டம். என் கட்டத்தில் நெற்றியும் மின்விசிறியும் மட்டும். தலைமை மேடம் இந்திய வரைபடம் காட்டினார். முழுக்கப் பச்சை. தெற்கே ஓரிடத்தில் சிவப்புப் பொட்டு. அது நாங்கள். 'இது எந்த வருடம்?' என்ற கேள்விக்கு மற்ற இடங்களில் நல்ல நிலையில் இருப்பவர்கள் தவறுவதே இல்லை. இங்கே அச்சுத் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவர் தவறு. முப்பது வயதுக்காரர்கூட.

"இரண்டில் ஒன்று" என்றார் மேடம். "உங்கள் பணியாளர்கள் உட்கார்ந்த இடத்தில் தாளை நிரப்பியிருக்கிறார்கள். இல்லையென்றால் அந்த ஊருக்கு ஏதோ ஆகிக்கொண்டிருக்கிறது."

முதலாவது என்றால் மையத்தை மூடுவார்கள். களப்பணியாளர் பாண்டிமீனாவுக்கு வேலை போகும். வெயிலில் ஸ்கூட்டியில் அலைந்து அவள் கறுத்த கறுப்பைப் பார்த்தால் உட்கார்ந்த இடத்தில் நிரப்பினாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படியானால் இரண்டாவதா? மையா? மிஷின் துடைக்கிற மண்ணெண்ணெயா? பக்கத்துப் பட்டாசு மருந்தா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மூக்கும் இதே காற்றைத்தான் இழுக்கிறது. இவர் அச்சு மையிலேயே வளர்ந்தவர்.

ஊருக்குள் செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. ஜவுளிக்கடையில் ஒருத்தி என் காதில், "மேடம், நம்மூர்ல எல்லாருக்கும் மூளை கரையுதாமே? கம்பெனிய மூடப்போறாகளா?" என்றாள். சிரித்து மழுப்பினேன். கடையை விட்டு இறங்கினால் செருப்பு எந்தப் படியில் கிடக்கிறது என்று தெரியவில்லை. பிறகுதான் காலில் கிடப்பதைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 22

மதியம் கிழக்கே ஒரு சத்தம். அலுவலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தோம். பட்டாசுக் கம்பெனியில் இல்லை, கல்குவாரி வெடியாம். யாரும் டீயை முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்துவிட்டேன் என்று தெருவில் ஓடவில்லை, மூட்டுவலி.

தவறிய ஆட்களை நானே மறுபடி கேட்டுப் பார்ப்பது என்று எங்கள் அச்சகத்தின் பைண்டிங் ஹாலிலிருந்தே தொடங்கினேன். இருளம்மாள் தினக்காலண்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆலங்குளம் பக்கத்திலிருந்து வேனில் வருகிறவள். வாய் ஓய்ந்தாலும் கை ஓயாது, இரண்டும் ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

"இது எந்த வருஷம் இருளம்மா?"

"இருபத்தாறு."

"இருபத்தாறா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

என்னைப் பார்த்தாள். மடியில் கிடந்த கட்டைப் பார்த்தாள். பட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு. "அட போங்க மேடம்! ஆடியிலேருந்து இருபத்தாறத்தான அடுக்கிக்கிட்டுக் கெடக்கேன்! போன வாரம் ரேசன் கடையில பேத்தி வயசக் கேட்டான், அதுக்கும் ஒண்ணக் கூட்டிச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

பக்கத்தில் இருந்தவள், "எனக்கெல்லாம் பொங்கலே முடிஞ்சிருச்சு. கரும்புதான் இன்னும் வரல" என்றாள். ஹால் முழுக்கச் சிரிப்பு.

அவ்வளவுதான். மூளை கரையவும் இல்லை, மையும் காரணமில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை கண்ணெதிரே 2026 ஓடினால் வாயில் எது வரும்? ஹால் ஹாலாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் அதே மாதிரி நெற்றியில் அடித்து, அதே மாதிரி சிரித்தார்கள். கூடவே வந்த பாண்டிமீனா ஒரு தூணில் சாய்ந்து அழுதுவிட்டாள். வேலை தப்பித்த அழுகை.

செப்டம்பர் 4, வியாழன்

கூட்டத்தில் கைதட்டல் வாங்கினேன். காலண்டர், பஞ்சாங்கம் அச்சடிக்கிற ஊர்களில் சீசன் மாதங்களில் அடுத்த வருடத்தைச் சொன்னால் அதையும் சரி என்று எடுத்துக்கொள்ளலாம். நான் எழுதிய வாசகம், பன்னிரண்டு மாநிலங்களுக்கும் பொருந்தும். 'சிவகாசி விதி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வரலாற்றில் இடம். சாத்தூர்க் காராச்சேவு வாங்கி அலுவலகத்தில் விநியோகம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் கதையை நடித்தே காட்டினேன், இருளம்மாள் நெற்றியில் அடித்தது உட்பட. சிரித்தார். சட்டென்று விளையாட்டாக, "நீங்க சொல்லுங்க பாப்போம், இது எந்த வருஷம்?" என்றேன்.

"இருபத்தாறு."

நான் சிரித்தேன். அடுத்து அவர் நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். அதற்காகக் காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று என் முகத்திலேயே தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. பிறகு, நான் சிரிப்பதனால், அவரும் சிரித்தார்.

செப்டம்பர் 5

விதிப்படி சரிதான்.

செப்டம்பர் 18, வியாழன்

முதலாளி உட்பட அச்சகத்தில் எல்லோரையும் கேட்க வேண்டும் என்பது ஆய்வின் முறை. இவரைப் பாண்டிமீனா கேட்டிருக்கிறாள். துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள்: "அண்ணாச்சி பாஸ் மேடம்!"

திரையில் பார்த்தேன். பாஸ்தான். தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே ஒரே ஒரு மதிப்பெண். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று இந்தியாவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

ஐந்து வார்த்தை சொல்லிக் கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்போம். இவர் இரண்டைச் சொல்லியிருக்கிறார். சரி, சீசன் நேரம், ஆர்டர் நெருக்கடி, ஏஜென்ட் தொல்லை. எனக்கே கேட்டால் இரண்டுதான் வரும். அந்த ஐந்தையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன் என்பது வேறு விஷயம்.

"ஸ்வீட் எங்க மேடம்?" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். சில்லறை கீழே விழுந்தது. குனிந்து பொறுக்குகிற சாக்கில் கொஞ்ச நேரம் மேஜைக்கு அடியிலேயே இருந்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

எங்கள் ஃபோர்மேன் சோணைமுத்து விருதுநகர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சிவகாசியை விட்டு வெளியே வந்தால் அவருக்கு மூச்சு முட்டும். கையில் ஒரு தாள் சுருள். பாண்டிமீனா வெளியே போகிறவரை உட்காரவே இல்லை.

விரித்தார். நவம்பர் 2026, மாதக் காலண்டர் புரூஃப். மூலையில் இவருடைய கையெழுத்து: சரி பார்த்தாயிற்று, ஓட்டலாம்.

"எட்டாந்தேதியப் பாருங்கக்கா."

ஞாயிறு, சிவப்பு எண். அவ்வளவுதான். விளக்குப் படம் இல்லை. எழுத்து இல்லை. சிவகாசியில் அச்சடித்த காலண்டரில் தீபாவளி இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. நாக்கின் நுனியில் துணுக்குகூடத் தயாராக நின்றது. பிறகு சோணைமுத்துவின் முகத்தைப் பார்த்தேன்.

"எம்புட்டு நாளா இப்படி?"

"போன சீசன்லயே ஒண்ணு ரெண்டு இருந்துச்சு. அண்ணாச்சி பாத்து ஓகே போட்டதுக்கப்புறம் நானும் ஒரு தடவ பாத்துருவேன். அவுகளுக்குத் தெரியாது." தாளின் ஓரத்தை நீவினார். "தெரியுமோ என்னமோ. இப்பல்லாம் கையெழுத்தப் போட்டுட்டு என் மொகத்தப் பாக்காக."

"ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீங்க அதுலயே பெரிய ஆளு. ஒங்களுக்குத் தெரியாததா, நான் போயி என்னத்தச் சொல்லன்னு இருந்துட்டேன்."

தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று டீ வேண்டாம் என்றார். பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று இருக்கிறது.

அக்டோபர் 2

விடுமுறை. வீட்டில் இருந்தேன். இருக்கவே பயமாக இருந்தது. இவர் எதைச் செய்தாலும் பார்க்கிறேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டால் ஒரு குத்து. சரியாகப் போட்டால், யோசித்துத்தான் போட்டாரோ என்று ஒரு குத்து. பாவம், நிம்மதியாகத் தும்மக்கூட முடியவில்லை அந்த மனுஷனால்.

பத்திரிகையிலிருந்து போன்: இந்த வாரத் துணுக்கு வரவில்லையே? உடம்பு சரியில்லை என்றேன். பழையவற்றை நினைத்துப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்தது. மகள் பிரீத்திகாவுக்குப் போன் போட்டு, "யாரும்மா பேசுறது?" என்று அவளிடமே கேட்டது. கல்யாண வீட்டுக்குப் போய் மொய் எழுதிவிட்டு, திரும்பிப் போய் இன்னொரு தடவை எழுதியது. அதற்கு வாசகர் கடிதம் குவிந்தது. நாடு முழுக்க இதே மாதிரியான சம்பவங்களைக் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கி வாருங்கள் என்று களப்பணியாளர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான்.

அக்டோபர் 10, வெள்ளி

இருக்கன்குடிக்குப் போனோம். நான்தான் போகவேண்டும் என்றேன். மாரியம்மனிடம் என்ன கேட்டேன் என்பதை இங்கேகூட எழுதமாட்டேன்.

போகும்போது நன்றாகத்தான் காரை ஓட்டினார். திரும்பும்போது சாத்தூரில் நான்குவழிச் சாலைச் சந்திப்புக்கு முன்னால் வேகம் குறைந்தது. அப்படியே நிறுத்தினார். கைகள் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன.

"என்னங்க?"

"சொர்ணம், நீ ஓட்டுறியா?"

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளே சுவரைப் பார்த்தால்தான் நிற்கும். அது அவருக்குத் தெரியும். முப்பது வருடமாக அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்வார்.

நேராகப் போனால் சிவகாசி. அவருடைய அப்பா காலத்திலிருந்து காகித லோடு வருகிற சாலை. அதைக் கண்ணாடி வழியாக ஒரு புது ஊரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை விட்டுப் போகும் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. ஒரு வேனிலிருந்து யாரோ, "ஏலே, நடுரோட்டுல நிறுத்திக்கிட்டு!" என்று கத்தினார்கள். 'நேராகப் போங்க' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அது உண்மையாகிவிடும்.

அவர்தான் பேசினார். "கொஞ்ச நேரம் இரு. வந்துரும்."

இருந்தேன். வந்தது. ஸ்டார்ட் செய்து நேராக ஓட்டினார். ஊர் எல்லை வந்ததும், என்னைப் பார்க்காமலே, "இத எழுதிராத" என்றார்.

எழுதுகிறேன். பத்திரிகைக்கு இல்லை.

அக்டோபர் 20, தீபாவளி

ஊரே வெடிக்கிறது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் குதிக்கிறேன். இவர் சிரிக்கிறார். நன்றாக இருக்கிறார் இன்று. இந்த நாட்கள்தான் என்னை ஏமாற்றுகின்றன.

நவம்பர் 6, வியாழன்

ஒரு வாரமாக ஒரே கணக்கைப் போட்டு அழித்துக்கொண்டிருக்கிறேன்.

சும்மா இருந்தால்: இவர் பாஸ். சோணைமுத்து பார்த்துக்கொள்வார். ஏஜென்ட்டுகளுக்குத் தெரியாது. சந்தையில் பேச்சு வராது. காரை மட்டும் எப்படியாவது நிறுத்திவிடலாம்.

விதியைத் திருத்தச் சொன்னால்: ஏன் என்று கேட்பார்கள். இவர் கோட்டுக்குக் கீழே போவார். ஸ்கேன். ஸ்கேன் ஏதாவது சொல்லும். அது சொல்லிவிடுமே! அதுதான், அது ஒன்றுதான் என் பயம். ஊர் பேசுவதெல்லாம் நான் பயத்துக்குப் போட்டுவிட்ட சட்டை.

இன்று பாண்டிமீனாவிடம், விதியால் பாஸானவர்கள் எல்லோரையும் இன்னொரு தடவை கேட்டுவரச் சொல்லியிருந்தேன். 'நல்லா யோசிச்சுச் சொல்லுங்க' என்ற ஒரு வாக்கியம் மட்டும் கூடுதல். சாயங்காலம் வந்தாள். துள்ளல் இல்லை.

"எல்லாரும் சிரிச்சுட்டு மாத்திச் சொல்லிட்டாங்க மேடம். ரெண்டு பேரு மட்டும் மாத்தல."

"யாரு?"

"கட்டிங் மிஷின் நாகையா ஒருத்தர். இருபத்தாறுதான்னு சண்டைக்கு வாராரு. வீட்டுல கேட்டா, அவரு எப்பவுமே பிடிவாதக்காரருங்காக." தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொருத்தரு யாருன்னு நான் சொல்லணுமா மேடம்?"

கட்டிங் மிஷின். காகிதக் கட்டை ஒரே வெட்டாக வெட்டுகிற கத்திக்குக் கீழே தினமும் கை வைக்கிற மனிதர். என் விதி அவரையும் பாஸாக்கி அங்கேயே உட்கார வைத்திருக்கிறது. மற்ற மாநிலங்களிலும் எத்தனை அச்சகத்தில் எத்தனை பேரோ.

முகம் கழுவிக்கொண்டு வந்து தலைமையகத்துக்கு எழுதினேன்: விதியைப் பற்றிப் பேச வேண்டும்.

நவம்பர் 12, புதன்

கூட்டம். பேச்சை மனப்பாடம் செய்திருந்தேன். பேசினேன். "இந்த விதி என்னுடைய தவறு. மறுபடி கேட்டதும் தானே திருத்திக்கொள்கிறவருக்குத்தான் அது பொருந்தும். திருத்திக்கொள்ளாதவரை அது மறைத்துவிடுகிறது. அப்படி மறைக்கப்பட்டவர்களில் ஒருவர் என் கணவர்."

வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வாக்கியம் பேசியதில்லை. நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் காதைக் காட்டிக் கை ஆட்டுகிறார்கள். மைக் அணைந்திருக்கிறது.

இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

பன்னிரண்டு கட்டமும் அசையவில்லை. இணையம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பாலைவனத்து மையத்துக்காரர் மட்டும் மெதுவாகக் கை கூப்பினார். மேடம் கறாரானவர், விதியை அங்கேயே திருத்தினார். இன்று முதல் எல்லா மையங்களிலும் இரண்டாவது தடவை கேட்கவேண்டும். நாகையாவை மிஷினிலிருந்து இன்றே இறக்க வேண்டும். சிவகாசிச் சோதனைகள் பாண்டிமீனா பொறுப்பில். கணவர் ஆய்வில் இருப்பதால் நான் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. கடைசியில், "சொர்ணலட்சுமி, இன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போங்கள்" என்றார்.

போனேன். அச்சகத்துக்குத்தான். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, டிசம்பர் தாள்கள் விழுந்துகொண்டிருந்தன. கண்ணாடி அறையில் தனியாக இருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மதிப்பெண், விதி, சோணைமுத்து, சாத்தூர். மறுபடியும் ஒரு பொய்ச்சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும் சொர்ணம்" என்றார்.

"எப்ப இருந்து?"

"அது ஞாபகமில்ல." இதைச் சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு. எனக்கு வரவில்லை.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ ஊரு பூராவும் போயி ஒவ்வொருத்தனையும் ஒக்கார வச்சுக் கேட்டுக்கிட்டு வந்த. என்னய மட்டும் அப்படிக் கேக்கல. சரி, இவளுக்கே ஒண்ணும் தோணல, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

மிஷின் நின்றது. வெளியே சோணைமுத்து யாரையோ திட்டும் சத்தம். இவர் மேஜை மேல் இருந்த கார்ச் சாவியை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இருவரும் ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினோம். டிரைவர், "அண்ணாச்சி ஆட்டோலயா! மழ வரும்" என்றார்.

டிசம்பர் 9, செவ்வாய்

மதுரையில் ஸ்கேன். உலோகம் எதுவும் கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் என் கையில். கடைசியில் வெள்ளி அரைஞாண்கயிறு.

"ஏ தம்பி, இத அவுத்துட்டா வேட்டிக்கு யாரு பொறுப்பு?"

டெக்னீசியன் பையன் சிரித்துக்கொண்டே உள்ளே அழைத்துப் போனான். கதவு மூடியது. டம் டம் என்று உள்ளே சத்தம். பயப்படாதீர்கள், சத்தம் மட்டும்தான், வலிக்காது என்று விளக்கத் தாளில் எழுதியது நான்தான். வெளியே பெஞ்சில் இருக்கிறவளுக்கு ஒரு வரியும் எழுதவில்லை.

மருத்துவர் படத்தைக் காட்டினார். எனக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். அதனால் வேறு பக்கம் பார்த்தேன்.

"ஆரம்பம்தான். மெதுவாகப் போகலாம். கொஞ்சம் வேகமாகவும் போகலாம். பார்த்துக்கொண்டே இருப்போம்."

அந்த வாசகம்கூடக் குடும்பத்தாருக்கு இப்படிச் சொல்லுங்கள் என்று நான் திருத்திக் கொடுத்ததுதான், பன்னிரண்டு மொழியில். எழுதியபோது ரொம்பப் பக்குவமாக இருந்தது.

இவர் மருத்துவரிடம், "சார், இந்தப் படம் பிரின்டு சுமாரா இருக்கு. கறுப்பு கொஞ்சம் ஏறிப்போச்சு. அதனால அப்படித் தெரியுதோ?" என்றார். மருத்துவர் என்னைப் பார்த்தார். இருக்கலாம் சார் என்றார்.

டிசம்பர் 26

நாகையாவின் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். என்னைத் திட்டத்தான் வந்தாள்: மிஷினிலிருந்து இறக்கிவிட்டார்களாம், வாட்ச்மேன் வேலையாம், மனுஷன் அவமானத்தில் சாப்பிடவில்லையாம். திட்டி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டேன். பிறகு, "எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாரோ என்ற பயத்தில் சேலை நுனியை அவர் கையில் கட்டிக்கொண்டு தூங்குகிறாளாம். நான் கொலுசு மாதிரி ஒரு மணி வாங்கிக் கதவில் மாட்டியிருப்பதைச் சொன்னேன். எந்தக் கடை என்று கேட்டாள்.

ஜனவரி 2, 2026, வெள்ளி

புது வருடம் பிறந்துவிட்டதால் அச்சகத்துக்காரர்கள் எல்லோருக்கும் மறுசோதனை. இவருக்கு மட்டும் வீட்டிலேயே. பாண்டிமீனா காலையிலேயே வந்துவிட்டாள். நான் அறைக்குள் இருக்கக் கூடாது; விதி. அடுப்படியில் நின்றேன். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதற்கும் காது உண்டு, என் காது.

"சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"ஆச்சு. நீ சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு. ஆரம்பிப்போமா? இது எந்த வருஷம்?"

"இருபத்தாறு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இருபத்தாறுதான்."

"சரிங்க அண்ணாச்சி."

பேனா கிறுக்கும் சத்தம். சரி. விதி எதுவும் இல்லாமலே சரி. ஆடியிலிருந்து அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள்தான் இப்போது வந்து சேர்ந்திருக்கிறோம்.

"இது என்ன மாசம் அண்ணாச்சி?"

கூடத்தில் சத்தமில்லை. நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. பாண்டிமீனா அவசரப்படுத்தவில்லை, நல்ல பெண்.

அடுப்பில் குக்கர் சீறத் தொடங்கியது. இப்போது விசில் அடித்துவிடும். பாய்ந்து போய் அடுப்பை அணைத்தேன். யோசித்துக்கொண்டிருக்கிறார்.